பேபி மாமியின் மூன்று பெருநாள்கள்

பேபி மாமி மூன்றாவது தடவையும் றோட் டெஸ்ற்றில் பெயிலாகி வந்த நாளில் எங்கள் வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை. மாமி வழக்கம்போல வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அவருக்குக் கார் பழக்கும் செல்வரட்ணம் மாஸ்ரர் வாசலில் நின்று, "இன்னும் பத்து லெசன் எடுத்தாச் சரிவரும்" என்றார். கெட்ட செய்தி சொல்ல வந்தவரின் முகமாக அது இல்லை.

"பத்துக் காணாது மாஸ்ரர்," என்று குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது. "எனக்கு ரிவேர்ஸ் பார்க்கிங் இன்னும் பிடிபடேல்லை."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா மட்டும் ரீவியில் நாளைய வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இது 1996ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பேபி மாமி என் அப்பாவின் ஒரே தங்கை, அப்போது வயது முப்பத்தொன்பது. யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். கல்யாணம் செய்து பதினெட்டாம் மாதம் கணவர் ஷெல் விழுந்து இறந்துபோனார். எண்பத்தொன்பதில் அப்பா அவரை ரொறன்ரோவுக்கு எடுத்தார். அன்றிலிருந்து ஸ்காபரோவில் எங்களோடு எட்டாம் மாடியில், என்னோடும் தங்கையோடும் ஒரே அறையில் இருந்தார். அம்மாவுக்குப் பின்னேர வேலை. அதனால் எங்களைப் பாதிக்கு மேல் வளர்த்தது மாமிதான்.

இதைக் கேட்டு அவரைச் சோகமான ஆளென்று நினைக்க வேண்டாம். ரெலிபோனில் சாமான் விற்கிறவர்கள் அழைத்தால் அரை மணித்தியாலம் ஆசை காட்டிக் கதைத்துவிட்டு, கடைசியில், "வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை, நான் பூனைக்குச் சாப்பாடு வைக்க வந்தவள்" என்று சொல்லி வைத்துவிடுவார். எங்களிடம் பூனை இருந்ததில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்ரர் கேக் பெட்டியோடு வந்தார். மனைவியைப் புற்றுநோயில் இழந்து மூன்று வருடமான மனிதர், பிள்ளைகள் இல்லை. அதிகம் கதைக்க மாட்டார். காருக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, வெளியேயும் "மெதுவா", "பாத்து", "இப்ப திரும்பலாம்" என்ற அளவில்தான் கதைப்பார். அன்று அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஸ்ரீதரன் அண்ணை, பேபியை நான் கலியாணம் செய்ய விரும்பிறன். அவவுக்கும் விருப்பம்தான். நீங்கள் ஓமெண்டால் சரி."

அப்பா கேக் பெட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கொரு ஆட்சேபமும் இல்லை மாஸ்ரர். ஆனா ஆட்கள் என்ன சொல்லுவினம்?"

"எந்த ஆட்கள் அண்ணை?"

"ஆட்கள்தான்." அப்பா யன்னல் பக்கம் கையைக் காட்டினார். யன்னலுக்கு வெளியே மார்க்கம் வீதியும் ஒரு பெற்றோல் நிலையமும்தான் தெரிந்தன.

மாஸ்ரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மாமி கேக்கை வெட்டி அப்பாவுக்கு ஒரு பெரிய துண்டு கொடுத்தார்.

"அண்ணை, ஆட்கள் சரியெண்டு சொன்னா?"

"சொல்ல மாட்டினம்."

"சொன்னா?"

"சொன்னா எனக்கென்ன. செய்."

"சரி," என்றார் மாமி. அவ்வளவுதான். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கேக் நல்லாயிருக்கிறதா என்று கேட்டார்.

மாமிக்கு வேலை பாதேர்ஸ்ற் வீதியில், யூதர்களுடைய ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். ஒரு பஸ், ஒரு சப்வே, திரும்பவும் ஒரு பஸ். அங்கே, அவர்கள் சமய முறைப்படி, பால் சாமானுக்கு ஒரு பக்கம், இறைச்சிக்கு வேறொரு பக்கம். அடுப்பு வேறு, சட்டி வேறு, கரண்டியும் வேறு. "எங்கட பெரியம்மா வீட்டு விரதச் சட்டி மாதிரித்தான்" என்று மாமி முதல் நாளே விளங்கிக்கொண்டவர்.

புதன்கிழமைகளில் அங்கே சிலர் கூடி நாவல் வாசிப்பார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். மாமிதான் தேநீர் கொண்டுபோவார். அந்த மே மாதம் அவர்கள் வாசித்தது, நேமன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன யூத ஊரில் நடக்கும் காதல் கதை. ஹானா என்ற விதவை சந்தையில் நூலும் பொத்தானும் விற்கிறாள். மனைவியை இழந்த லைப் என்பவர் புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுகிறார். ஊர் முழுக்க இந்த இரண்டு பேரையும் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாமியைப் பிடித்தது கதையல்ல, கேட்டவர்களின் சண்டை. ஐந்து நாடுகளிலிருந்து வந்த ஐந்து பெண்கள், ஹானா தங்கள் தங்கள் தெருவில் இருந்தவள்தான் என்று சத்தியம் செய்தார்கள். மிஸிஸ் ரோஸ்மன் என்பவர், அது தன் சின்னம்மாவேதான், எழுதினவர் மூக்கைத்தான் பிழையாக எழுதிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோனார்.

அன்று மாமி அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சப்வேயில் போகும்போதும் வரும்போதும் வாசித்தார். இரண்டு கிழமையில் ஒரு கொப்பி நிறையத் தமிழில் எழுதிவிட்டார்.

அந்தக் காலத்தில் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகைகளில் ஒன்று 'முற்றவெளி'. அதை நடத்திய வினோதன் அண்ணாவுக்கு வாரா வாரம் நகைக்கடை விளம்பரத்துக்கும் வீடு விற்கிறவரின் படத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். மாமியின் கொப்பியைப் பார்த்ததும், "அக்கா, இதை எத்தினை கிழமைக்கு இழுக்கலாம்?" என்றுதான் கேட்டாராம்.

ஜூன் மாதம் 'அன்னத்தின் வீடு' தொடங்கியது. எழுதியவர்: ஏகாந்தன். கீழே எறும்பளவு எழுத்தில், 'பிறமொழி நாவல் ஒன்றின் தழுவல்'. ஒவ்வொரு வாரமும் அந்த வரி இருந்தது. அதை ஒருவரும் வாசித்ததாக எனக்குத் தெரியாது.

ஹானா அன்னமானாள். லைப், இலங்கநாதர் ஆனார். நேமன் ஆறு தொண்டைமானாறாயிற்று. பனி மழையாகவும் தொழுகை மண்டபம் பிள்ளையார் கோயிலாகவும் உப்பு மீன் கருவாடாகவும் மாறின. ஒரேயொரு இடத்தில் மாமி மாற்ற மறந்துபோனார். ஏழாம் வாரத்தில் அன்னம் பீற்றூட் சூப் காய்ச்சினாள். உடனே பத்திரிகைக்குக் கடிதம் வந்தது: தொண்டைமானாற்றில் எவள் பீற்றூட் சூப் காய்ச்சினாள்? எட்டாம் வாரம் அன்னத்துக்கு வைத்தியர் இரத்தச்சோகை என்று சொன்னார். பிரச்சினை தீர்ந்தது.

எங்கள் கட்டடத்தின் செய்தி நிலையம் அடித்தளத்தில் இருக்கும் சலவை அறை. அதன் பொறுப்பாளர் மாதிரி இருந்தவர் மூன்றாம் மாடி ஜெயமலர் அன்ரி. தோய்க்க உடுப்பு இல்லாத நாளிலும் கீழே வருவார். பத்தாம் வாரத்தில் அவர் தீர்ப்பு வழங்கினார்.

"உது கதையில்லை. உது எங்கட பில்டிங்கில நடக்கிற விசயம்."

"ஆர் அன்ரி அது?" என்று மாமி, போர்வையை மடித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"உமக்கு விளங்கேல்லையே? புத்தகம் கட்டுறவர் ஆர்? இரண்டாம் மாடி யோசப். அச்சகத்தில வேலை செய்யிறார். மனிசி செத்து நாலு வருசம்."

"அவர் வேதக்காரர் எல்லோ, சேர்ச்சுக்குப் போறவர். கதையில பிள்ளையார் கோயில் வருது."

"அது ஆளைத் தெரியாமல் இருக்க மாத்தி எழுதினது. நீர் ஒரு அப்பாவி, பேபி."

அந்தக் கிழமை யோசப் அங்கிளுக்கு இரண்டு வீட்டிலிருந்து இடியப்பமும் ஒரு வீட்டிலிருந்து றோல்ஸும் போயின. ஏனென்று தெரியாவிட்டாலும் அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

மாஸ்ரரும் வாசித்தார். ஒருநாள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது மாமியிடம் மெதுவாகக் கேட்டார்: "பேபி, அந்த இலங்கநாதர் ஏன் ஒண்டுமே கதைக்கிறாரில்லை?"

"கதைக்கிற ஆளெண்டால் கதை மூண்டாம் கிழமையே முடிஞ்சிருக்கும்."

மாஸ்ரர் யோசித்தார். "இப்ப திரும்பலாம்," என்றார்.

அப்பா வாசிக்கவில்லை என்று சொன்னார். ஆனால் வியாழக்கிழமைகளில் 'முற்றவெளி' குளியலறையில் ஈரமாகக் கிடக்கும்.

இனித்தான் பெருநாள் விசயம். மூல நாவலில், மனைவியை இழந்தவர் திரும்பவும் கல்யாணம் செய்வதற்கு மூன்று பெருநாள்கள் கழியவேண்டும். அது யூதர்களிடையே உண்மையாகவே உள்ள வழக்கம். மாமி அதைப் பொங்கல், வருடப்பிறப்பு, தீபாவளி என்று மாற்றி, கதையில் வரும் ஐயரின் வாயில் வைத்துவிட்டார். 'மூன்று பெருநாள் கழிந்தால் அவன் புது மாப்பிள்ளை. இது நம் முன்னோர் வழக்கு.' இது மட்டுமே அவர் செய்த வேலை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மிட்லண்ட் வீதிப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் இருந்த எங்கள் கோயிலில், பிரசாதப் பொங்கலுக்கு வரிசையில் நின்றபோது ஜெயமலர் அன்ரி அதை ஓதிக்கொண்டிருந்தார்.

"மூண்டு பெருநாள் போனாப்பிறகு ஒரு குறையும் இல்லை. எங்கட சாத்திரத்திலயே இருக்கு. நாங்கள்தான் இடையில மறந்துபோனம்."

"ஓமோம், எங்கட அப்புவும் சொல்லுறவர்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அந்த அப்பு என்ன சொன்னாரோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

"அது சரி, பொம்பிளையளுக்கு எத்தினை பெருநாள்?" என்று வேறொருவர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அடுத்த வியாழன் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. பதினான்காம் வாரத்தில் கதையின் ஐயர் விளக்கினார்: விதவைக்குத் தொண்ணூறு நாள். அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான், மாமி கைவைக்கவில்லை. சலவை அறை அதிர்ந்துபோனது.

"ஆம்பிளையளை விடக் குறைவே?"

"பின்னை? முன்னோர் விவரமான ஆக்கள்."

ஆபத்து ஆறாம் மாடியிலிருந்து வந்தது. வேதவல்லி மாமி கும்பகோணத்துக்காரர். மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருந்ததால் இங்கே வந்து தங்கியிருந்தார். சடங்கு, சாத்திரம் என்றால் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. அவர் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலேயே கேட்டுவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒரு சாஸ்திரமே கிடையாதே. எந்தப் புஸ்தகத்துல இருக்கு? நீங்கள்லாம் படிச்சுப் பார்த்தேளா?"

பேபி மாமி அப்போது எனக்குப் பக்கத்தில் நின்றார். கையிலிருந்த பிரசாதத்தை வாயில் வைக்காமல் என்னிடம் தந்துவிட்டார். இத்தனை மாத வேலை. இந்த ஒரு கேள்வியில் எல்லாம் சரிந்தால், அப்பாவுக்கு "பாத்தியே, ஆட்கள்" என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடும். மாஸ்ரர் வாழ்நாள் முழுக்கப் பார்க்கிங் பழக்கிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் இளைஞர். இந்தக் கோயிலுக்கு வந்து ஒரு வருடம்தான். அவர் விபூதித் தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்:

"அது... ஊருக்கு ஊர் வழக்கம் வித்தியாசப்படும் அம்மா. யாழ்ப்பாணத்துப் பக்கம் உப்பிடி ஒண்டு இருந்ததாக் கேள்வி."

வேதவல்லி மாமி தலையை ஆட்டினார். "யாழ்ப்பாணத்து வழக்கம்னா சரி. நல்ல வழக்கமாத்தான் இருக்கு. எங்க பக்கமும் இருந்திருக்கலாம்," என்றார். பிறகு பேபி மாமியின் காதுக்கு அருகில் குனிந்து, "அந்த அன்னம் கல்யாணம் பண்ணிப்பாளா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு முந்தின கிழமை மாமி கதையை நிறுத்தினார். அன்னம் வாசலில் நிற்கிறாள், இலங்கநாதர் படலையைத் திறக்கிறார், அவ்வளவுதான். கீழே ஏகாந்தன் ஒரு குறிப்பு எழுதினார்: 'அன்னம் என்ன செய்யவேண்டும்? ஊரார் சொல்லுங்கள். அதன்படி முடிப்பேன்.'

மூன்று கிழமையில் அறுபத்திரண்டு கடிதங்கள் வந்தன. வினோதன் அண்ணா அவற்றைக் கடைப் பை ஒன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகை மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் மாமி அந்தப் பையை அப்பாவின் முன்னால் கவிழ்த்தார்.

"என்னடி இது?"

"ஆட்கள் சொன்னது."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். ஜெயமலர் அன்ரி நாலு பக்கம் எழுதியிருந்தார். வேதவல்லி மாமி முகூர்த்த நாளே குறித்து அனுப்பியிருந்தார். பிக்கரிங்கிலிருந்து ஒருவர், அன்னத்தைச் சேர்த்துவைக்காவிட்டால் இனிப் பத்திரிகையில் காய்கறி சுற்றுவேன் என்று எச்சரித்திருந்தார். அறுபத்திரண்டில் ஐம்பத்தெட்டுப் பேர் செய் என்றார்கள். இரண்டு பேர் பீற்றூட் சூப் எப்படிக் காய்ச்சுவதென்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேர்தான் வேண்டாமென்றது. அதில் ஒரு கடிதத்தை அப்பா வேகமாகப் பையின் அடியில் தள்ளினார். அதிலிருந்த கையெழுத்து எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கையெழுத்து. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்ட்டில், பெற்றார் ஒப்பமிடும் இடத்தில், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"நீயோ ஏகாந்தன்?"

"ஓம் அண்ணை. ஆனா கதை என்ர இல்லை. யூத ஆக்களின்ர ஒரு புத்தகம். கீழ போட்டிருக்கு, நீங்கள் பாக்கேல்லை."

"அப்ப மூண்டு பெருநாள்?"

"அவையின்ர."

"ஐயரும் சொன்னவரே."

"ஐயர் பேப்பர் படிச்சுப்போட்டுச் சொன்னவர்."

அப்பா சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பிறகு கேட்டார்: "அந்தப் புத்தகத்தில கடைசியா என்ன நடக்குது?"

"அவர் ஆட்களுக்குப் பயந்து பின்வாங்கிவிடுவார். அவள் ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டாள். நூலையும் பொத்தானையும் வித்துப்போட்டு, தனியாக் கப்பலேறி ஆர்ஜென்ரீனாவுக்குப் போயிடுவாள்."

"ஆர்ஜென்ரீனாவுக்கோ?"

"ஓம்."

அப்பா கடிதங்களை ஒரே அளவாக அடுக்கினார். திரும்பக் கலைத்து அடுக்கினார். அம்மாவும் தங்கையும் நானும் மேசையைச் சுற்றி அசையாமல் இருந்தோம்.

"அண்ணை, நீங்கள் சொன்னனீங்கள், ஆட்கள் சரியெண்டால் உங்களுக்கு ஒண்டும் இல்லையெண்டு."

"ஆட்களை விடு."

"அப்ப என்ன?"

அப்பா தண்ணீர் குடித்தார். "ஏழு வருசமா வேலையால வந்து கதவைத் திறந்தா நீ நிக்கிறாய். மனிசிக்குப் பின்னேர வேலை, பிள்ளையள் தங்கட அறை. நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? அந்த மனிசன் கேக்கோட வந்து கேக்கேக்க எனக்கு அது சொல்ல வெக்கமாயிருந்தது. ஆட்களெண்டு சொல்லிப்போட்டன்."

அறுபத்திரண்டு கடிதத்துக்கும் ஆயத்தமாக இருந்த மாமி இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

"என்னோட பிடியுங்கோ," என்றார் அம்மா. "நான் காலை வேலைக்கு மாத்திக் கேக்கிறன். ஆனா நான் பேபி மாதிரி விட்டுக்குடுக்க மாட்டன், முதலே சொல்லிப்போட்டன்."

"அவர் வீடு அடுத்த பில்டிங் அண்ணை," என்றார் மாமி. "சண்டைக்கு நான் வருவன்."

அப்பா எழுந்து அறைக்குள் போனார். வெளியே வரும்போது வெள்ளைச் சேர்ட்டும், வேலை கேட்டுப் போன நாளில் கட்டிய கழுத்துப் பட்டியும் போட்டிருந்தார்.

"எங்க போறியள்?" என்று அம்மா கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டில கதைக்க வேண்டாமே? பொம்பிளைப் பகுதியெண்டு ஒண்டு இருக்குதெல்லோ," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். குளிரில் மூக்குச் சிவந்திருந்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய வழக்கில் வென்று வந்தவர்போலச் சொன்னார்:

"மாஸ்ரர் முதல்ல கொஞ்சம் தயங்கினவர். நான் எல்லாத்தையும் எடுத்து விளங்கப்படுத்தினாப்பிறகு சம்மதிச்சிட்டார். தைக்கு வைக்கலாம்."

"அப்பிடியே அண்ணை," என்றார் மாமி, தலையைக் குனிந்துகொண்டு.

மாஸ்ரர் பத்து நிமிடத்துக்கு முன்னமே எங்களுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார். அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தான் ஓம் சொல்லிவிட்டதாகவும், அப்பா அதைக் காதில் விழுத்தாமல் ஐம்பது நிமிடம் மாமியின் குணங்களை வரிசையாகச் சொன்னதாகவும், இடையில் இரண்டு தடவை கண்ணைத் துடைத்ததாகவும் சொன்னார். அவ்வளவு நீளமாக மாஸ்ரர் கதைத்து நான் கேட்டதில்லை.

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அப்பா கழுத்துப் பட்டியைத் தளர்த்தியபடி, "எனக்கும் கதைக்கத் தெரியும்" என்று எங்களுக்குச் சொன்னார். மாமி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். சீனி கூடிப்போய்விட்டது என்று அப்பா சத்தம் போட, இல்லையென்று மாமியும் சத்தம் போட்டார்.